ஸ்டாலில் சாமான் பரப்பாதீர்கள்

பெட்டியடி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண்காட்சியைப் பற்றித்தான். கோயம்புத்தூர், சென்னை, டெல்லி என்று நம் செட்டிநாட்டுப் பிள்ளைகள் ஸ்டால் போடக் கிளம்பியிருப்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். நான் 26 வருஷமாகப் பூக்கல், அதாவது ஆத்தங்குடி டைல்ஸ், பட்டறை நடத்துகிறேன். அதில் 22 வருஷம் ஊர் ஊராக ஸ்டாலும் போட்டிருக்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை முழு இடத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆச்சி, அப்பா நடத்திய டைல்ஸ் பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கோவை கொடிசியாவில் நடக்கும் கட்டுமானப் பொருள் கண்காட்சியில் முதல் முறையாக 9 சதுர மீட்டர் ஸ்டால் எடுத்திருக்கிறோம். எங்களிடம் 60 டிசைன் இருக்கிறது. இத்தனை சின்ன இடத்தில் எல்லாவற்றையும் எப்படி வைப்பது?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: தம்பி, எல்லாவற்றையும் வைக்க வேண்டாம். ஆறு டிசைன் எடுத்துக்கொண்டு போங்கள். அதிலும் ஒன்றுதான் தரையில் பெரிதாகத் தெரிய வேண்டும். மற்ற ஐந்தும் அதற்குத் துணை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், என் முதல் ஸ்டாலில் நான் 48 டிசைன் வைத்தேன். நம் கல்யாண வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானைப் பரப்பி வைப்போம் இல்லையா, அந்தப் பழக்கம்தான் என் கையில் இருந்தது. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எனாமல் தட்டு, கொட்டான், ஊறுகாய் ஜாடி வரைக்கும் வரிசை கட்டி வைத்தால்தான் அது பரப்பு. சொந்தக்காரர்கள் அதைப் பார்க்கவென்றே வருவார்கள், ஒவ்வொரு வரிசையாக நின்று பார்ப்பார்கள், இது எந்த ஊரில் வாங்கியது என்று கேட்பார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது, நம் மேல் அக்கறையும் இருக்கிறது.

கண்காட்சிக் கூடத்தில் நடந்து போகிறவருக்கு இரண்டுமே கிடையாது. அன்றைக்கே அவர் நூறு ஸ்டாலைக் கடந்திருப்பார். உங்கள் ஸ்டாலின் அகலம் பத்தடி. அந்தப் பத்தடியைக் கடக்க அவர் நாலைந்து எட்டு வைத்தால் போதும். அதற்குள் ‘இது என்ன, எனக்கு வேண்டியதா’ என்கிற இரண்டும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். 48 டிசைன் பார்த்தால் கண்ணுக்கு எதுவுமே தெரிவதில்லை, பல நிறத்தில் ஒரு சுவர்தான் தெரிகிறது. மூன்று நாளும் நான் அங்கே நின்றேன், ‘வால்பேப்பரா?’ என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு எதிரே ஒருவர் கதவுக் கைப்பிடி விற்றார். ஒரு பழைய தேக்குக் கதவை நடுவில் நிறுத்தி, அதில் ஒரே ஒரு பித்தளைக் கைப்பிடியைப் பொருத்தி, மேலே ஒரு விளக்குப் போட்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் கையை நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தார்கள். மற்ற கைப்பிடிகள் எல்லாம் உள்ளே ஒரு பெட்டியில் இருந்தன. இரண்டாம் நாள் மதியத்துக்குள் அவருடைய ஆர்டர் புத்தகம் பாதி நிரம்பியிருந்தது.

சரி, உங்கள் ஸ்டாலுக்கு வருவோம். நீங்கள் எடுத்திருப்பது ஷெல் ஸ்கீம் என்று நினைக்கிறேன். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடம், அலுமினியச் சட்டத்தில் செருகிய வெள்ளைத் தட்டி, உயரம் 2.5 மீட்டர், நெற்றியில் பெயர்ப் பலகை. பெரும்பாலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூன்று ஸ்பாட்லைட், ஒரு பிளக் பாயிண்ட் தருவார்கள். அந்தத் தட்டியில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. பசை ஒட்டிக் கறையானால் அபராதம் கேட்பார்கள். நம் கல் கனமானது. எட்டங்குலக் கல் ஒன்று கிட்டத்தட்ட 1.8 கிலோ வரும். அதனால் தட்டியில் கல்லை மாட்டுகிற எண்ணமே வேண்டாம்.

கல்லின் இடம் தரைதான், அங்கேயே காட்டுங்கள். ஸ்டாலின் முன்பக்கம் நடுவில் ஆறடிக்கு நாலடி தரை போடுங்கள். எட்டங்குலக் கல்லில் கணக்குச் சரியாக வரும்: ஒன்பதுக்கு ஆறு, 54 கல். மொத்தம் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இதை ஒரே தட்டாகச் செய்தால் தூக்க முடியாது. நாலடிக்கு இரண்டடியில் மூன்று பிளைவுட் தட்டு செய்யச் சொல்லுங்கள், சுற்றிலும் கல்லின் உயரத்துக்கு மரச் சட்டம் வைத்து. ஒவ்வொன்றிலும் 18 கல், இரண்டு பேர் தூக்கலாம். அடியில் சலித்த மணலை மெல்லிசாகப் பரப்பி, கல்லை ஆடாமல் அடுக்குங்கள். தரைவிரிப்பும் தட்டும் சேருகிற இடத்தில் சரிவாக ஒரு ரீப்பர் வையுங்கள், யாரும் தடுக்கி விழக் கூடாது. போகிறவர் கால் அதில் பட்டதும் அவர் குனிந்து பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கச் சொல்லுங்கள். கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் பட்டால் அதற்கு மேல் நாம் சொல்ல அதிகம் இருக்காது.

பின்சுவரில் ஒரே ஒரு பெரிய படம். நம் வீட்டு வளவு என்கிற நடு முற்றம், தூண், தரையில் வெயில் விழுகிற படம் போதும். அதில் எழுத்து மேல் பாதியில் வர வேண்டும். கீழ்ப் பாதியை மேசையும் ஆட்களும் மறைத்துவிடுவார்கள். எழுத்தின் உயரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குலம். முப்பதடியிலிருந்து படிக்க வேண்டுமானால் மூன்று அங்குலம். என்ன எழுதுவது? ‘ஆத்தங்குடி பூக்கல். கையால் ஊற்றியது.’ அவ்வளவுதான். நிறுவனம் தொடங்கிய வருஷம், தாத்தா பெயர், ஐந்து போன் நம்பர் எல்லாம் அங்கே வேண்டாம். ஃப்ளெக்ஸில் அச்சடித்தால் விளக்கு பட்டுப் பளபளக்கும், எதிரே நிற்பவருக்கு எழுத்து தெரியாது. துணியிலோ மேட் பரப்பிலோ கேட்டு வாங்குங்கள்.

மேசையை முன்னால் குறுக்கே போடாதீர்கள். நம் ஊர் வீட்டில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். வருகிறவரை உள்ளே இழுக்கிற அமைப்பு அது. ஸ்டாலும் அப்படித் திறந்திருக்கட்டும். மேசை பக்கச் சுவரோரம் போகட்டும். அதன் மேல் மற்ற ஐந்து டிசைனும், உடைத்த கல் ஒன்றும். உடைத்ததை அவசியம் வையுங்கள். மேலே நிற அடுக்கு எவ்வளவு கனம், கீழே சிமெண்டும் மணலும் எப்படி இறுகியிருக்கிறது என்று ஆர்க்கிடெக்ட்கள் பார்க்க விரும்புவார்கள். மீதி 54 டிசைனும் ஒரு ஃபைலில் இருக்கட்டும், கேட்டால் மட்டும் திறங்கள்.

இன்னொன்று. கல் ஊற்றுவதை அங்கேயே செய்து காட்டலாமா என்று பல பேர் கேட்கிறார்கள். தண்ணீர், சிமெண்ட், ஈரம் என்பதால் ஏற்பாட்டாளர்கள் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள், எழுத்தில் அனுமதி வாங்காமல் இறங்க வேண்டாம். நான் செய்கிறது வேறு. அச்சையும், நம் கல்லை மேலே ஊற்றி வார்க்கிற கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய், சிமெண்ட் இல்லாமல் நிறத்தை மட்டும் கரண்டியால் ஊற்றிக் காட்டுவோம். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் கல்லையும் சிலது கொண்டு போவேன். காலை 11 மணிக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று, கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரிப்போம். சூளையில் சுடாத, இயந்திரத்தில் தேய்க்காத கல்லுக்கு அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். நேரத்தை ஒரு அட்டையில் எழுதி வைத்தால் காலையில் பார்த்தவர் மாலையில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

இதைச் செய்வது பட்டறையில் வேலை பார்க்கும் ஆளாகவே இருக்கட்டும். அவர் பெயரும் எத்தனை வருஷமாக ஊற்றுகிறார் என்பதும் பக்கத்தில் எழுதியிருக்கட்டும். அவர் கைக்கு மரியாதை கிடைக்கிற இடம் இது. அவருக்கு அன்றைய கூலியோடு நல்ல தங்கும் இடமும் கொடுங்கள். மூன்று நாள் கூடத்திலேயே படுக்க வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு செய்து காட்டச் சொல்வது நியாயமில்லை.

கேள்வி: கார்னர் ஸ்டாலுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், புதுவயல்

பதில்: கொடுக்கலாம். இரண்டு பக்கம் திறந்திருக்கும், இரண்டு வழியாக வருகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு பக்கச் சுவர் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். சுவரில் மாட்டி விற்கிற பொருளாக இருந்தால் நடு ஸ்டாலே நல்லது. அதைவிட முக்கியம், பணம் கட்டுவதற்கு முன்னால் ‘ஸ்டாலுக்குள் தூண் இருக்கிறதா’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு கண்காட்சியில் வரைபடத்தில் இல்லாத ஒரு தூண், நான் தரை போட நினைத்திருந்த இடத்தின் நடுவில் நின்றது. முதல் நாள் இரவு பத்து மணிக்குத்தான் அதைப் பார்த்தேன். வேறு இடம் தரவில்லை, பணமும் திரும்பவில்லை.

கேள்வி: ஆச்சி, வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், கைமுறுக்கு எல்லாம் போடுவோம். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஓர் உணவுக் கண்காட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். அங்கேயே சுடச்சுடச் செய்து கொடுத்தால் கூட்டம் வரும் என்கிறார் கணவர்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆத்தா, கூட்டம் வரும், ஆனால் மூடிய கூடத்தில் அடுப்பு பற்ற வைக்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பி எடுத்து வராதீர்கள். முதலில் கேளுங்கள்.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வேறு. அங்கே வருகிறவர்கள் கால் கிலோ வாங்கிப் போகிறவர்களா, மாதம் நூறு கிலோ கேட்கிற கடைக்காரர்களா? இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டால் சரிப்படாது. வாங்கிப் போகிறவர்களுக்கு விலை கண்ணில் பட வேண்டும், பாக்கெட் கைக்கு எட்ட வேண்டும். கடைக்காரருக்கு உட்கார ஒரு நாற்காலி, எத்தனை நாள் கெடாது, மாதம் எவ்வளவு தர முடியும் என்கிற பதில், இவை வேண்டும். அழைத்தவர்களிடம் போன தடவை யார் வந்தார்கள் என்று கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

எதுவாக இருந்தாலும் முன்னால் நிற்க வேண்டியது ஒரு பலகாரம்தான். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சீப்புச் சீடையை எடுப்பேன். தேன்குழலும் முறுக்கும் சென்னையில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். சீப்புச் சீடையைப் பார்த்தவுடன் ‘இது என்னங்க?’ என்று கேட்பார்கள். சீப்புப் பல்லின் வரி எப்படி விழுந்தது, தேங்காய்ப்பால் எவ்வளவு சேர்த்தது என்று சொல்ல ஒரு பேச்சு கிடைக்கும். ருசி பார்க்கக் கொடுங்கள், ஆனால் தட்டில் கொட்டி வைத்துவிட்டு எடுத்துக்கச் சொல்லாதீர்கள். உங்கள் கையால் ஒரு சின்னத் தொன்னையில் ஒன்று வைத்து நீட்டுங்கள். வாங்கிக் கடித்து மெல்லுகிற அரை நிமிஷம் அவர் உங்கள் முன்னால்தான் நிற்பார், அந்த நேரத்தில்தான் பேச முடியும்.

மேசையை அப்படியே தட்டையாக விடாதீர்கள். கொலுப்படி போல மூன்று படி வையுங்கள். நிற்கிறவர் கண்ணுக்கு நேரே வருகிற மேல் படியில் சீப்புச் சீடை, கொட்டானில். நம் பனையோலைக் கொட்டானை விட அந்தப் பலகாரத்துக்குப் பொருத்தமான பாத்திரம் கிடையாது, அது நம் ஊரின் புவிசார் குறியீடு பெற்ற பொருளும்கூட. பாக்கெட்டில் விலை, எடை, தயாரித்த தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், சைவப் பச்சைப் புள்ளி எல்லாம் சரியாக இருக்கட்டும். கடைக்காரர் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அப்புறம், பல்லவன் ரயிலில் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளுக்கானதை மட்டும் கையோடு கொண்டு போங்கள். மீதியைப் பார்சலில் முன்கூட்டியே அனுப்பி, எழும்பூர் பக்கம் தெரிந்தவர் வீட்டில் இறக்கி வையுங்கள். ரயிலில் இறங்கி ஏறி அழுத்திக் கொண்டு போனால் மாவுருண்டை மாவாகத்தான் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் குடும்பம் கண்டாங்கி நெய்கிறது. போன தடவை கண்காட்சியில் அரக்கு நிறச் சேலை எல்லாம் பழுப்பாகத் தெரிந்தது. வாங்கிப் போன ஒரு அம்மா, வீட்டில் பார்த்தால் வேறு நிறம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். என்ன செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த அம்மா மேல் தப்பில்லை, சேலை மேலும் தப்பில்லை. விளக்குதான்.

கூடத்தில் தருகிற ஸ்பாட்லைட் சில இடத்தில் மஞ்சளாக இருக்கும், சில இடத்தில் நீலம் கலந்த வெள்ளையாக இருக்கும். மஞ்சள் விளக்கில் கண்டாங்கியின் மாம்பழ மஞ்சள் தூக்கலாகத் தெரியும், கருப்பும் அரக்கும் மங்கிவிடும். நீங்களே நாலு எல்.ஈ.டி. விளக்கு வாங்கிக்கொண்டு போங்கள். பெட்டியில் 4000கே என்று போட்டிருப்பது துணிக்கு நன்றாக இருக்கும், பகல் வெளிச்சத்துக்கும் வீட்டு விளக்குக்கும் நடுவில் நிற்கும். அதோடு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. 90க்கு மேல் இருக்கிறதை வாங்குங்கள். சாதாரண விளக்கைவிட விலை கூடுதல்தான், ஆனால் திரும்பி வருகிற ஒரு சேலையின் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளக்கை வருகிறவர் தலைக்குப் பின்னாலிருந்து போட்டால் அவர் நிழலே சேலையில் விழும். சேலைக்கு முன்னால், மேலிருந்து சாய்வாக விழ வேண்டும். கூடுதல் விளக்குக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். எத்தனை கிலோவாட் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும், கடைசி நாளில் கேட்டால் அதிகமாக வாங்குவார்கள்.

மடித்து அடுக்கி வைப்பது கடைக்குச் சரி, ஸ்டாலுக்கு ஒரு சேலையாவது முழு நீளத்துக்குத் தொங்க வேண்டும். கட்டமும் அகலக் கரையும் சேர்ந்து தெரிந்தால்தான் அது கண்டாங்கி. முடிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு ஸ்டாலில் நிற்கட்டும். இதை விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. அந்தச் சேலை ஏன் அவ்வளவு கெட்டியாக, கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி நெய்யப்பட்டது என்பது கட்டியவரைப் பார்த்தால்தான் விளங்கும். 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை ஓரமாகச் சின்ன எழுத்தில் போடாமல் சேலைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். விசைத்தறிக் கட்டம் போட்ட சேலையும் அதே கூடத்தில் பாதி விலைக்கு விற்கும். உங்களுடையது எதனால் வேறு என்று கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.

கேள்வி: வருகிறவர்களுக்குப் பேனா, சாவிக் கொத்து மாதிரி ஏதாவது கொடுக்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். பேனாவுக்காக வருகிறவர் பேனாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உங்கள் பொருளின் படம் ஒரு பக்கம், வாட்ஸ்அப் எண்ணும் கியூ.ஆர். கோடும் மறுபக்கம் போட்ட கெட்டி அட்டை போதும்.

கேள்வி: டெல்லியில் நவம்பரில் நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்குப் போக ஆசை. செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது. மரச் சாமானும் பழைய கதவு, சன்னல் சட்டங்களும் செய்கிறோம்.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பயப்படுவது நல்லதுதான், கணக்கு எழுத வைக்கும். பிரகதி மைதானத்தில் நவம்பர் 14 முதல் 27 வரை இரண்டு வாரம் அது நடக்கும். இரண்டு வாரம் என்பதை நன்றாக யோசியுங்கள். இரண்டு ஆள் காலையிலிருந்து இரவு வரை நிற்க முடியாது. நாலு பேர் வேண்டும், மாற்றி மாற்றி. தங்குமிடம், சாப்பாடு, லாரி, ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்தால், என் அனுபவத்தில் ஸ்டால் வாடகை எவ்வளவோ அதைவிடக் கூடுதலாகவே மற்றச் செலவு வந்திருக்கிறது.

மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தில் கொள்முதல் மற்றும் சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஸ்டால் வாடகையில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார்கள். பெண்களும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்குப் பங்கு கூடுதல். சிறு தொழில்களுக்கான உத்யம் என்கிற அரசுப் பதிவு கட்டாயம். சிவகங்கையில் மாவட்டத் தொழில் மையத்துக்குக் கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பே போய் இந்த வருஷத்து விதியைக் கேளுங்கள். வாடகையை ரொக்கமாகக் கட்டாதீர்கள், வங்கி வழியாகக் கட்டி ரசீதை வைத்திருங்கள். ஸ்டாலில் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயம் ஒன்று. வேறு மாநிலத்தில் ஸ்டால் போட்டு அங்கேயே விற்பதாக இருந்தால், ஜி.எஸ்.டி.யில் அந்த மாநிலத்துக்குத் தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டியிருக்கலாம். தொழில் தொடங்குவதற்கு ஐந்து நாளாவது முன்னால் விண்ணப்பித்து, உத்தேச வரியையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், கேட்டால் நீட்டிக்கலாம். கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஆடிட்டரைக் கேளுங்கள். ஆர்டர் மட்டும் எடுத்துவிட்டு ஊரிலிருந்து அனுப்புவதென்றால் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் பொருள் கனமானது, ஆர்டர் எடுப்பதே உங்களுக்கு நல்லது.

அப்படியானால் லாரி நிறையக் கதவு கொண்டு போகத் தேவையில்லை. ஒரே ஒரு முழு நிலை, கதவோடு. மேலே கஜலட்சுமி செதுக்கிய நிலை உங்களிடம் இருந்தால் அதுவே போதும். அதை ஸ்டாலின் வாசலாக நிறுத்துங்கள், வருகிறவர்கள் அதன் வழியாக உள்ளே வரட்டும். தட்டியில் சாய்க்காமல், பின்னால் தனித் தாங்கு கொடுத்துத் தானே நிற்கிற மாதிரி செய்யுங்கள். கூடத்தின் உயர வரம்பு என்ன என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டு அளவெடுங்கள். ஊரில் பட்டறை வாசலிலேயே சுண்ணாம்பால் 3 மீட்டருக்கு 3 மீட்டர் கோடு போட்டு, முழு ஸ்டாலையும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்கிறோம். எந்த ஸ்குரூ இல்லை, எந்த ஒயர் எட்டவில்லை என்பது காரைக்குடியில் தெரிந்தால் பத்து ரூபாய், டெல்லியில் தெரிந்தால் அரை நாள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய சாமானையும் கூட வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகுக்கு ஒன்று வைக்கலாம், ஆனால் நீங்கள் செய்தது எது, வாங்கியது எது என்று எழுதி வைத்துவிடுங்கள். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனசு வராது. புதிதாகச் செய்ததைப் பழையது என்று நம்பி ஒருவர் வாங்கிப் போனால் அது அந்த ஸ்டாலோடு நிற்காது, செட்டிநாட்டிலிருந்து வருகிற எல்லோர் மேலும் சந்தேகம் விழும்.

கேள்வி: கொட்டான், பனையோலைப் பெட்டி செய்கிற குழுவில் இருக்கிறேன். போன கண்காட்சியில் இருநூறு விசிட்டிங் கார்டு சேர்ந்தது. ஊருக்கு வந்து எல்லோருக்கும் ஒரே மெசேஜ் அனுப்பினோம். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். எங்கே தவறினோம்?
– வாசகி, கீழச்சிவல்பட்டி

பதில்: கார்டு வாங்கியதில் தவறில்லை. வாங்கிய கையோடு அதில் எதையும் எழுதாமல் டப்பாவில் போட்டதுதான். நாலு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் எந்தக் கார்டு எந்த முகம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எங்கள் அப்பச்சி ரங்கூனில் சின்ன வயதில் பெட்டியடியில், அதாவது கடையின் கணக்குப் பெட்டிப் பக்கத்தில், வேலை பழகினவர்கள். வந்தவர் போனவர் பேச்சையெல்லாம் அன்றன்றைக்குச் சிட்டையில் எழுதிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்களாம். பணக் கணக்கு மட்டுமில்லை, இன்னார் மகளுக்குக் கல்யாணம் பார்க்கிறார் என்பதுவரை இருக்கும். நான் ஸ்டாலுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் போகிறேன். கார்டை அதில் பின் அடித்து, பக்கத்திலேயே மூன்று விஷயம்: என்ன கேட்டார், எத்தனை வேண்டும், எப்போது வேண்டும். அவர் நகர்ந்ததும் எழுதிவிட வேண்டும், அடுத்தவர் வருவதற்குள். இதற்காகவே ஸ்டாலில் இரண்டு பேர் எப்போதும் இருக்க வேண்டும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. இரண்டு பேரும் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிற ஸ்டாலுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ராத்திரி தங்குமிடத்தில் அந்த நோட்டைப் புரட்டி, உடனே பேச வேண்டியவர்களுக்கு மட்டும் ஒரு சுழி போடுங்கள். இருநூறில் இருபது தேறினால் நிறைய. அந்த இருபது பேருக்கும் ஊருக்குத் திரும்பிய இரண்டு நாளுக்குள் தனித்தனியாக எழுதுங்கள். ‘நீங்கள் கல்யாணத் தாம்பூலத்துக்கு முந்நூறு கொட்டான், பச்சையும் சிவப்பும் கேட்டீர்கள், இதோ அந்த நிறத்தில் ஒன்று’ என்று படத்தோடு போக வேண்டும். செய்ய முடிகிற எண்ணிக்கையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஓலை கிழித்து, சாயம் போட்டு, பின்னி முடிக்க உங்கள் குழுவில் ஒருவருக்கு ஒரு கொட்டானுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று இப்போதே கணக்கெடுத்து வையுங்கள். ஸ்டாலில் நிற்கிற பெண்ணுக்கு அந்தக் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மீதி நூற்றெண்பது கார்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தடவை கொச்சியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் ஒருவர் எங்கள் ஸ்டாலில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, ஆர்டர் எதுவும் சொல்லாமல் போனார். சிட்டையில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘பாலக்காட்டு வீடு. பச்சை விளிம்பு பிடித்திருக்கிறது. மாமனாருக்கு முழங்கால் வலி, வழுக்குமா என்று கேட்டார்.’ பதினாலு மாதம் கழித்துப் போன் செய்தார். பெயரைச் சொன்னதும் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘மாமனார் முழங்கால் இப்போ எப்படி இருக்கு சார்?’ என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், பூஜை அறையிலிருந்து திண்ணை வரை அளவைச் சொல்ல ஆரம்பித்தார், நான் எழுதிக்கொண்டேன். 1,100 சதுர அடி.